பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது? ஜொகூர் தமிழர்களின் நூறாண்டுக் கேள்வி

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி வரலாற்றுத் தாளில் கேள்வி வந்தால், மாணவர்களின் விடையில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை." ஆண்டாண்டாக நாமும் அதற்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த வரி உண்மையா என்று ஒருமுறை நின்று பார்ப்போமே. நாம் அப்படிக் குறை சொல்லும் பெற்றோர் வேறு யாரும் இல்லை, இந்த மாணவர்களின் கொள்ளுப்பாட்டனும் கொள்ளுப்பாட்டியும்தான்.

நாடு விட்டு நாடு போகிற குடும்பம் பிள்ளைக்கு எந்தப் பள்ளியைத் தேடுகிறது, ஏன் அதைத் தேடுகிறது என்ற கேள்விக்கு ஜொகூரைப் போல நல்ல சான்று கிடைப்பது அரிது. நூறு ஆண்டுக்கு முன் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கே வந்தார்கள். இன்று சென்னையிலிருந்து இஸ்கண்டார் புத்ரிக்கு வேலை மாற்றலில் வருகிறார்கள். குளூவாங்கிலிருந்தும் கூலாயிலிருந்தும் சிங்கப்பூருக்குப் போகிறார்கள். வந்தவர், போகிறவர் எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்.

தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லாத காலம்

ஜொகூருக்குள் தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் வரத் தொடங்கியது ரப்பரோடுதான். 1909இல் ஜொகூர் ரயில்பாதை முடிந்து கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் ஓடியது. அதை ஒட்டிச் சிகாமட், லாபிஸ், குளூவாங், லாயாங் லாயாங், கூலாய் என்று காடுகள் தோட்டங்களாக மாறின. கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடித்து வருவார். ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். குடும்பமாக வருவது பின்னால்தான் கூடியது. அதனால் பள்ளி என்ற தேவையே தோட்டத்தில் மெதுவாகத்தான் எழுந்தது.

தேர்வு எழுதும் எல்லாருக்கும் 1912 மனப்பாடம். அந்த ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒரே இனத்தைச் சேர்ந்த, 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், பள்ளி அமைக்கச் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்கு அரசு கட்டளையிடலாம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அது கூட்டு மலாய் மாநிலங்களுக்கான சட்டம். ஜொகூர் அந்தக் கூட்டில் இல்லை. 1914இல்தான் ஜொகூர் பிரிட்டிஷ் பொது ஆலோசகரின் முழு அதிகாரத்தை ஏற்றுக்கொண்டது. தொழிலாளர் சட்டமும் அதே போக்கில் பின்னர்தான் வந்தது. "1912இல் மலாயா முழுவதும்" என்று எழுதினால் அது பிழை.

சட்டம் பள்ளி வேண்டும் என்றது. எப்படிப்பட்ட பள்ளி என்று பெரிதாகக் கேட்கவில்லை. ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரே அறையில் எல்லா வகுப்பும், ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியர் பல இடங்களில் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி, அல்லது கிராணி, கங்காணி வீட்டு ஆள். அரசு உதவித்தொகை வருகையையும் ஆண்டுச் சோதனையையும் பார்த்துத் தலைக்கு இவ்வளவு என்று வந்தது. பாடநூல்கள் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தன. ஐந்தாறு வகுப்பு, மிஞ்சிப்போனால் ஏழு. அதற்குமேல் தமிழில் ஏறிப்போகப் படி இல்லை.

அந்தப் பெற்றோரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டு. அதன்பிறகு அம்மா அப்பா இரண்டு பேரும் பால் வெட்டுக்குப் போய்விடுவார்கள். 1920களின் இறுதியில் தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெரிய பிள்ளை மங்கு துடைக்கப் போனால் வெட்டு சீக்கிரம் முடியும். வீட்டில் இருந்தால் சின்னதைப் பார்த்துக்கொள்ளும். பிள்ளை பள்ளிக்குப் போனால் கையில் இருப்பது குறையும். போய்ப் படித்து முடித்தால் என்ன கிடைக்கும்? தோட்டத்துக்கு வெளியே வேலை தருகிற படிப்பு ஆங்கிலப் படிப்பு. அது பட்டணத்தில் இருந்தது. ஜொகூர் பாருவில் ஆங்கிலக் கல்லூரி 1914இல் தொடங்கியது. இன்றைய சுல்தான் அபு பாக்கார் கல்லூரி அதுதான். சிகாமட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஜொகூர் பாரு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். பக்கத்து ஊரிலேயே ஆங்கிலப் பள்ளி இருந்தாலும் மாதக் கட்டணம், சட்டை, சப்பாத்து, பஸ். மலாய்ப் பள்ளி முடித்துவிட்டு ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கென்று சிறப்பு வகுப்பு இருந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குப் பொதுவாக அப்படி ஒரு பாலம் போடப்படவில்லை.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த தமிழர்கள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் போட்டார்கள். அவர்களுக்கு அக்கறை இருந்தது, தோட்டத்தாருக்கு இல்லை என்று இதை எழுதிவிடலாம். ஆனால் அவர்கள் பட்டணத்தில் குடியிருந்தார்கள், மாதச் சம்பளம் வாங்கினார்கள், ஆங்கிலம் என்ன கொடுக்கும் என்பதைத் தங்கள் மேசையிலேயே பார்த்தார்கள். மொழி ஒன்று, கடல் கடந்த கதையும் ஒன்று. வீடு இருந்த இடம்தான் வேறு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் ஊரில் நிலமில்லாத, தீண்டாமைக்கு ஆளான சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலருக்குச் சொந்தக் கிராமத்தில் பள்ளிக்கூடத் திண்ணையே எட்டாத இடம். தோட்டத்திலும் சாதி இருந்தது, லயங்களிலும் இருந்தது. ஆனாலும் அந்த ஓட்டைக் கொட்டகைதான் பல குடும்பங்களில் முதன்முதலாக ஒரு பிள்ளை பலகையும் குச்சியுமாக உட்கார்ந்த இடம். தோட்டப் பள்ளியை வெறும் குறைகளின் பட்டியலாக எழுதும்போது இது விட்டுப்போகிறது.

1936ஆம் ஆண்டின் இறுதியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய மலாயாவுக்கு வந்தார்; 1937இல் அவர் அறிக்கை வெளியானது. அரசியலுக்கு வருமுன் திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்தவர் அவர். தோட்டப் பள்ளிகளின் நிலையும் அவர் பார்வைக்கு வந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. பிறகு ஜப்பானியர் காலம். சயாம் மரண ரயில்பாதைக்கு அப்பன்மார்கள் கொண்டுபோகப்பட்ட குடும்பங்களில் பள்ளியைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்?

பாலத்தின் இரண்டு பக்கம்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1960களின் பிற்பகுதி வரை கடப்பிதழ் சோதனை இல்லாமலே அதைக் கடந்து போனார்கள். இரு பக்கமும் அதே தமிழர்கள், பெரும்பாலும் அதே மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அந்தப் பாலத்தின் இரு பக்கத்திலும் தமிழ்ப்பள்ளிக்கு என்ன ஆனது என்று ஒப்பிட்டால், அக்கறை பற்றிய வாதம் தானாகவே விழுந்துவிடும்.

1956ஐ நினைவில் வையுங்கள். அந்த ஒரே ஆண்டில் இரு பக்கமும் இரண்டு கல்வி அறிக்கைகள். மலாயாவில் ரசாக் அறிக்கை: எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம், தேசிய மொழி நடுவில், தமிழும் சீனமும் தொடக்கப்பள்ளியில் பயிற்று மொழியாக இருக்கலாம். அதற்கு முன்பு 1951இல் வந்த பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாய், ஆங்கில மொழித் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்திருந்ததால், ரசாக் அறிக்கை நம் மக்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. சிங்கப்பூரில் சட்டமன்ற அனைத்துக்கட்சிக் குழுவின் அறிக்கை: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளும் சமம். தாளில் படித்தால் சிங்கப்பூர் அறிக்கைதான் தமிழுக்கு அதிகம் கொடுத்தது போலத் தெரியும். அங்கே தமிழ் உயர்நிலைப்பள்ளியே இருந்தது: உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி.

நடந்தது என்ன? சிங்கப்பூரில் 1982இல் அந்த உமறுப்புலவர் பள்ளி மூடப்பட்டது. நாட்டின் கடைசித் தமிழ்வழிப் பள்ளி அது. யாரும் சட்டம் போட்டு மூடவில்லை. சேர்வதற்குப் பிள்ளைகள் இல்லை. சமமான நான்கு பள்ளிகளில் ஆங்கிலப் பள்ளியின் படிக்கட்டு மட்டும் வேலைவரைக்கும் போனது. பெற்றோர் அதைப் பார்த்தார்கள், பிள்ளையை அங்கே போட்டார்கள். தமிழ் அங்கே தாய்மொழிப் பாடமாக நிலைத்தது, ஆட்சிமொழிகளில் ஒன்றாகவும் இருக்கிறது.

ஜொகூரில் இன்றும் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகளாகப் பிறந்தவை. இங்கே இருந்தவர்களுக்கு மொழிப்பற்று அதிகம், அக்கரையில் இருந்தவர்களுக்குக் குறைவு என்று மேடையில் பேசலாம், கைதட்டல் கிடைக்கும். வரலாற்றில் அது நிற்காது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டியபோது, பாலத்தின் இரு பக்கத்திலிருந்தும் சாதாரணத் தொழிலாளிகள் காசு கொடுத்தார்கள். பற்று இரண்டு பக்கமும்தான் இருந்தது. வேறுபட்டது படிக்கட்டு.

மலேசியாவில் 1970 முதல் ஆங்கிலவழித் தொடக்கப்பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறின. 1980களின் தொடக்கத்தில் அந்த மாற்றம் இடைநிலைப்பள்ளியின் மேல்வகுப்புகளை எட்டியது. அப்போது ஒரு தமிழ்ப் பெற்றோரின் முன் இருந்தவை தமிழ்த் தொடக்கப்பள்ளி, மலாய்த் தொடக்கப்பள்ளி, சிலருக்குச் சீனப்பள்ளியும். எந்த வழியாகப் போனாலும் முதலாம் படிவத்தில் பெரும்பாலும் ஒரே மலாய்வழி இடைநிலைப்பள்ளிதான். படிக்கட்டு ஒரே இடத்தில் சேர்வதால், முதல் ஆறு ஆண்டைத் தமிழில் படிப்பதால் பெரிதாக எதுவும் போய்விடாது என்று நினைக்க இடம் இருந்தது. அதனால்தான் தமிழ்ப்பள்ளி இங்கே தாங்கியது. சட்டத்தில் இடர் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு, தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்ற அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது போனது. முப்பத்தைந்து ஆண்டு அந்தக் கத்தி தலைக்கு மேலே தொங்கியது.

புகுமுக வகுப்பும் ஓர் ஆண்டுக் கூலியும்

ஒரே இடத்தில் சேர்கிறது என்றேன். ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை அங்கே போய்ச் சேர ஓர் ஆண்டு கூடுதலாக ஆனது. மொழி மாறுவதால் புகுமுக வகுப்பு. தேசியப் பள்ளியில் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளை முதலாம் படிவத்தில் இருக்கும்போது இவன் புகுமுக வகுப்பில். வசதியுள்ள வீட்டில் அது வெறும் ஓர் ஆண்டு. தோட்டத்தில் அது ஓர் ஆண்டுப் பஸ் காசு, ஓர் ஆண்டுச் சம்பள இழப்பு. பையனுக்கோ தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரும் கூச்சம். 1965 முதல் இடைநிலைப்பள்ளிக்கு நுழைவுத் தேர்வு இல்லாமலே போகலாம் என்று கதவு திறந்தது. பல தோட்டப் பிள்ளைகள் அந்தக் கதவுக்குள் நுழைந்து, சில ஆண்டில் வெளியே வந்துவிட்டார்கள். இதையும் "அக்கறையின்மை" என்ற பெட்டியில்தான் போட்டோம்.

அதே காலத்தில்தான் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானதே இதை எதிர்கொள்ளத்தான். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் கட்டாயமாக, பலர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள். கப்பலேறிய அந்தக் குடும்பங்களும் பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது என்று யோசித்திருக்கும்; இந்த முறை தமிழ்நாட்டில், மலாயாத் தமிழோடு. அந்தப் பக்கத்தைப் பற்றி நம் பாடநூல்கள் ஒன்றும் சொல்வதில்லை.

1957இல் நாடு முழுவதும் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 530ஐ ஒட்டி. எண்ணிக்கை குறைந்ததை மட்டும் எழுதி முடிக்கக் கூடாது. தோட்டம் போனபின் பல பள்ளிகள் ஒன்றிணைக்கப்பட்டன, சில பட்டணத்துக்கு இடம் மாறின. பள்ளி ஓர் இடத்தில், பிள்ளைகள் வேறிடத்தில் என்ற நிலைதான் முக்கியச் சிக்கல். ஜொகூர் பாருவிலும் சுற்றுவட்டாரத்திலும் குடிபெயர்ந்த குடும்பங்கள் பெருகின. உள்ளே, ரப்பர் காட்டுப் பக்கம், நாலைந்து ஆசிரியரும் இருபது முப்பது பிள்ளைகளும். இது நாம் எல்லாரும் கண்ணால் பார்ப்பதுதானே.

இன்றைக்கு வருகிறவரும் போகிறவரும்

2006இல் இஸ்கண்டார் மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரைப் போல மூன்று மடங்கு பரப்பு. எடுசிட்டியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகள் வந்தன. மார்ல்பரோ கல்லூரி 2012இல் திறந்தது. அதே 2012இல் அனைத்துலகப் பள்ளிகளில் மலேசியப் பிள்ளைகளுக்கு இருந்த 40 விழுக்காட்டு உச்சவரம்பும் எடுக்கப்பட்டது. 1970இல் மூடிய ஆங்கிலவழிக் கதவு, காசு உள்ளவர்களுக்கு மட்டும், பக்கவாட்டில் திறந்தது என்று சொல்லலாம்.

இன்று இந்தியாவிலிருந்து வேலைக்கு வரும் குடும்பம் பொதுவாக அனைத்துலகப் பள்ளியைத்தான் நாடுகிறது. அவர்கள் கணக்கும் படிக்கட்டுக் கணக்குதான். இரண்டு மூன்று ஆண்டில் சென்னைக்கோ துபாய்க்கோ மாறினால் பிள்ளை எந்த வகுப்பில் சேரும்? கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் எங்கும் செல்லும் என்ற நம்பிக்கை. நம்மிடம் வந்து கேட்கிற பெற்றோர் உண்டு: "டீச்சர், தமிழ் எழுதப் படிக்கத் தெரியணும், ஆனா ஊருக்குத் திரும்பினா சிரமப்படக் கூடாது, எங்க போடறது?" அவர்களிடம் தமிழ்ப்பள்ளியின் பெருமையை மட்டும் பேசி அனுப்புவதில் பயனில்லை. எத்தனை ஆண்டு இருப்பார்கள், அந்தப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகக் கிடைக்குமா, இல்லையென்றால் வார இறுதியில் யார் சொல்லித் தருவார் என்று கேட்டு, உள்ளதைச் சொல்வதுதான் உதவி. இங்கேயே குடியுரிமையோடு வாழப்போகிற பிள்ளைக்கோ கணக்கு வேறு. எஸ்பிஎம் மலாய்மொழித் தேர்ச்சி இல்லாமல் அரசுப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டுவது கடினம்.

மறுபக்கம், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஜொகூர்ப் பெற்றோர். விடியற்காலை நாலு, நாலரை மணிக்கே சீருடையோடு சோதனைச்சாவடியில் நிற்கும் பிள்ளைகளை இந்த வட்டாரத்து ஆசிரியர்கள் அறிவார்கள். அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாத பிள்ளைக்கு முதலாம் வகுப்புப் பதிவில் கடைசிச் சுற்றில்தான் இடம். நடுவகுப்புகளில் சேர நுழைவுத் தேர்வு. தேறினாலும் இடம் உறுதியில்லை. கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. ஆனாலும் நிற்கிறார்கள். நூறாண்டுக்கு முன் தோட்டத்தில் பெரட்டுக்கு எழுந்த அதே நேரத்துக்கு, இன்று பேரப்பிள்ளை பள்ளிக்கு எழுகிறது. அந்தக் குடும்பங்களுக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று யாராவது எழுதுவார்களா?

விடைத்தாளுக்கும் வகுப்பறைக்கும்

தேர்வு எழுதுகிறவர்கள் காரணங்களை அடுக்கும்போது வரிசையைக் கவனியுங்கள். முதலில் சட்டத்தின் எல்லை (எந்த மாநிலம், எந்த ஆண்டு), அடுத்து தோட்டப் பொருளாதாரம், அதற்குப் பிறகு மேற்படிப்புக்கு வழி இல்லாமை. பெற்றோரின் மனநிலை கடைசியில் வரட்டும். அதையும் மேலே சொன்னவற்றின் விளைவாக எழுதுங்கள். 1956இன் இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதத் தெரிந்தால், எஸ்டிபிஎம் அளவில் அது தனித்துத் தெரியும். பார்ன்ஸ் 1951, பென்–வூ 1951, ரசாக் 1956, ரஹ்மான் தாலிப் 1960 என்ற வரிசையை மட்டும் ஒப்பிப்பவர்கள் நிறையப் பேர்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புப் பணி. நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குக் கேட்டு எழுதட்டும்: தாத்தா பாட்டி படித்த பள்ளி, அப்பா அம்மா படித்த பள்ளி, தான் படித்த தொடக்கப்பள்ளி. ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு சின்னக் கட்டம். வீட்டிலிருந்து எத்தனை மைல்? அந்தப் பள்ளி எந்த வகுப்போடு முடிந்தது? பாட்டி பள்ளிக்கே போகவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடாமல், அந்த வயதில் காலை ஆறு மணிக்குப் பாட்டி எங்கே இருந்தார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். வயதானவர்கள் இருக்கிற வீடுகளில் இதை இந்த ஆண்டே செய்துவிடுவது நல்லது.